இரண்டு சைஸ் பெரிய ஸ்கேட்

ஸ்காபரோ
19 ஒக்டோபர் 2025

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிட்ஸ்பர்க் அணியின் கிராஸ்பியை மொன்றியல் எடுக்கவேண்டும் என்று நீ சொல்ல, நேற்றிரவு போனில் நாங்கள் இரண்டு பேரும் கதைத்த கதைக்கு அம்மா இன்னும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. "பிள்ளை வேலை முடிந்து களைச்சுப் போய் எடுக்கிறான், நீங்கள் ஹொக்கிக்குச் சண்டை பிடிக்கிறீங்கள்" என்கிறா. அது சண்டை இல்லை என்றால் நம்புகிறா இல்லை. எனக்குப் போனில் ஒழுங்காகச் சொல்ல வராது. நீ இடையில் புகுந்து, எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் அணி கடைசியாகக் கோப்பை வென்ற வருஷத்தை, "1967" என்று சொல்வாய், எனக்குக் கோபம் வந்து சொல்ல வந்ததே மறந்துபோகும். அதனால் கடிதம். இதில் நீ இடையில் புக முடியாது.

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவன் வேலைக்கென்று மொன்றியல் போய், நாலு வருஷத்தில் அந்த ஊர்க் கனேடியன்ஸ் அணியின் சட்டை போட்டுக்கொண்டு படம் அனுப்பியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 2021 மே 31 இரவு பேஸ்மென்டில் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். மூன்றுக்கு ஒன்று என்று முன்னுக்கு நின்ற தொடரை, ஏழாவது ஆட்டத்தில் உங்களிடம் பறிகொடுத்தோம். உங்கள் கோலி கேரி பிரைஸ் வலையை அடைத்துக்கொண்டு நின்றார். நீ ஒன்றும் பேசாமல் மேலே போய்ப் படுத்தாய். அன்றைக்கே மனம் மாறிவிட்டதோ என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, உண்மையைச் சொல்லவேண்டும். ஒரு இளம் அணியை எப்படிக் கட்டவேண்டும் என்பதில் உங்கள் ஆட்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர். இதை மாமாவிடம் சொல்லிவிடாதே.

எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் யாருக்கும் வாய்க்காது. டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது, 2014 இல் எட்டாவதாக நைலாண்டர், 2015 இல் நாலாவதாக மார்னர், 2016 இல் முதலாவதாக மத்யூஸ். மூன்று வருஷத்தில் மூன்று பொடியன்கள், ஒருவனும் சோடை போகவில்லை. பிறகு 2018 ஜூலை முதலாம் திகதி ஜோன் டவாரெஸ் வந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் போர்வைக்குள் படுத்திருக்கும் படத்தைப் போட்டாரே, அதைப் பார்த்து அம்மாகூட "பாவம் பிள்ளை, வீட்டுக்கு வந்திட்டுது" என்றா. வருஷத்துக்கு 11 மில்லியன், ஏழு வருஷம். நானும் அன்றைக்குத் துள்ளிக் குதித்தவன்தான்.

ஆனால் வெளியிலிருந்து வந்தவருக்கு அவ்வளவு கொடுத்தால், வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்ன கேட்பார்கள்? மத்யூஸ் 11.6 கேட்டு வாங்கினார், அதுவும் ஐந்தே வருஷத்துக்கு. மார்னர் 10.9, ஆறு வருஷத்துக்கு. நைலாண்டர் டிசம்பர் முதலாம் திகதி கெடு முடிய நிமிஷக் கணக்கு இருக்கும்போதுதான் கையெழுத்து வைத்தார். 2019-20 இல் அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பு 81.5 மில்லியன். அதில் நாலு பேருக்கே நாற்பதுக்கு மேல். இருபது பேருக்கு மேல் சாப்பிடுகிற வீட்டில் அரைப் பானைச் சோறு நாலு கோப்பைக்குள் போய்விட்டது. மற்றவர்களுக்கு அடிப்பானைதான். கொரோனா வந்து வரம்பும் ஏறாமல் நின்றதைக் கெட்ட காலம் என்று சொல்லலாம். ஆனால் ஏறும் என்று நம்பிக் கணக்குப் போட்டது எங்கள் புத்தி. 2017 இலிருந்து ஒவ்வொரு வருஷமும் கோப்பைக்கான பிளேஓஃப் சுற்றுக்குப் போனோம், வென்றது இரண்டே இரண்டு தொடர். இந்தக் கோடையில் மார்னரும் வேகஸ் போய்விட்டார்.

உங்கள் கணக்கைப் பார். 2021 இல் உங்கள் இப்போதைய கப்டன் சுசுக்கிக்கு எட்டு வருஷம், வருஷத்துக்கு 7.875 மில்லியன். 2023 இல் கோஃபீல்டுக்கு எட்டு வருஷம், 7.85. 2024 இல் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு எட்டு வருஷம், 7.6. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது, கவனித்தாயா? கப்டனுக்கு மேலே யாரும் ஏறவில்லை. கப்டனுக்கே இவ்வளவுதான் என்றால் மற்றவன் எந்த முகத்தோடு கூடக் கேட்பான்? இந்த மாதம் லேன் ஹட்ஸனுக்கு 8.85 கொடுத்துவிட்டார்கள்தான். ஆனால் வரம்பே 95.5 மில்லியனுக்கு ஏறின காலத்தில் அதைக் கூட என்று சொல்லமாட்டேன். எனக்கு இடறுவது நோவா டொப்ஸன். ஜூனில் இரண்டு முதல் சுற்றுத் தெரிவுகளையும் ஹைனமனையும் கொடுத்து எடுத்து, 9.5 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல பொடியன்தான், வயதும் 25. ஆனாலும் வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் இப்போது வீட்டில் பெரிய சம்பளம். நாங்கள் கால் வழுக்கிய இடம் அதுதான், அதுதான் சொல்கிறேன்.

காசுக் கதை போதும். நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு.

கோட்கனியெமியை ஞாபகம் இருக்கிறதா? 2018 இல் மூன்றாவது தெரிவு. பதினெட்டு வயதுப் பின்லாந்துப் பிள்ளையை அந்த வருஷமே பெரியவர்களுக்கு நடுவில் சென்டராக, முன்வரிசையின் நடு ஆட்டக்காரனாக, இறக்கினார்கள். முதல் வருஷம் கோலும், மற்றவன் கோல் அடிக்க உதவின அசிஸ்டும் சேர்த்து 34 புள்ளி எடுத்தான், ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷம் 36 ஆட்டத்தில் எட்டே எட்டுப் புள்ளி, கீழ் லீக்கில் விளையாடும் லவால் அணிக்கு அனுப்பினார்கள். 2021 இல் கரோலைனா பெரிய தொகையைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் கெட்ட ஆட்டக்காரன் இல்லை, இன்றைக்கும் விளையாடுகிறான். ஆனால் மூன்றாவது தெரிவில் நீங்கள் தேடின சென்டர் அவன் இல்லை. இரண்டு வருஷம் ஆறுதலாக வளர்ந்திருந்தால் வேறு ஆளாக வந்திருப்பானோ, யார் கண்டது.

ஹட்ஸனைப் பார். 2022 இல் 62 ஆவதாகத்தான் எடுத்தார்கள். ஆள் சின்னன், இந்த உடம்போடு டிஃபென்ஸ் விளையாட முடியாது என்றார்கள். அவர் பொஸ்டன் யூனிவர்சிட்டியில் இரண்டு வருஷம் தன் பாட்டில் விளையாடினார். வந்த முதல் முழு வருஷத்தில் 60 அசிஸ்ட். புதுமுக டிஃபென்ஸ்காரர் ஒருவரும் அதற்கு மேல் எடுத்தது கிடையாது. சிறந்த புதுமுகத்துக்கான கோல்டர் விருதும் அவருக்குத்தான். உங்கள் இன்னொரு இளம் ஆள் டெமிடோவையும் ரஷ்யாவிலேயே ஒரு சீசன் விட்டுவைத்தார்கள். ஏப்ரலில் வந்து முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல், ஒரு அசிஸ்ட். அன்றைக்கு நீ எடுத்த போனில் சத்தம்தான் கேட்டது, சொல் ஒன்றும் விளங்கவில்லை.

"ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் பதினெட்டிலேயே வந்தவர்தானே" என்று நீ கேட்பாய். வந்தார். 39 ஆட்டம், பத்துப் புள்ளி, முழங்கால் காயம். எங்கே, இவரும் போச்சு என்று நான்கூட நினைத்தேன். அடுத்த வருஷம் உங்கள் கோச் சான் லூயி அவரைக் கொண்டுபோய்ச் சுசுக்கிக்கும் கோஃபீல்டுக்கும் பக்கத்தில் நிற்பாட்டினார். இருபது கோல், ஐம்பது புள்ளி. ஆக வயது மட்டும் இல்லை, யாருக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதும் இருக்கிறது.

சான் லூயியை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிவிடுகிறேன். டிராஃப்டில் ஒருவரும் எடுக்காத சின்ன மனிசன். 2022 பெப்ரவரியில் அவரைக் கூப்பிட்டபோது, அதற்கு முன் அவர் கோச் பண்ணியது சொந்தப் பிள்ளைகளின் சின்ன அணிகளைத்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த சீசனில் அதுவரை 30 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்திருந்த கோஃபீல்ட், அவர் வந்த பிறகு 22 அடித்தார். சின்னப் பிள்ளைகளைப் பழக்கின ஆளுக்கு, பிழை விட்டவனை உடனே பெஞ்சில் இருத்தினால் அவன் அடுத்த தரம் பக் என்கிற அந்த ரப்பர் வட்டையே கேட்கமாட்டான் என்று தெரிந்திருக்கிறது.

பெஞ்சைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

உனக்கு ஒன்பது வயது. நீ உன் வயதுக்காரருக்குள் நன்றாக ஓடினாய். மேல் வயதுக் குழுவில் உன்னைச் சேர்க்கச் சொல்லி அந்தக் கோச் கேட்டார் என்றுதான் இவ்வளவு நாளும் வீட்டில் கதை. அவர் கேட்கவில்லை. நான்தான் போய்க் கேட்டேன். மூன்று தரம். மூன்றாம் தரம் அவர் தோளைக் குலுக்கிவிட்டு "சரி" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு, கொரோலாவின் பின்பக்கத்தில் அந்த நாறல் பையைப் போட்டுக்கொண்டு போவோம். நான் முழங்காலில் இருந்து உன் ஸ்கேட் கயிற்றை இழுத்துக் கட்டுவேன், விரல் விறைத்துப்போகும். அதுவும் இரண்டு சைஸ் பெரிய ஸ்கேட். பழைய சாமான் கடையில் வாங்கினது, வளருவாய்தானே என்று. முன்னுக்கு இரண்டு சோடிக் காலுறை அடைத்துவிட்டேன். நீ திரும்பும்போது கால் ஒரு பக்கம் போகும், ஸ்கேட் ஒரு பக்கம் போகும். கண்ணாடிக்கு வெளியே கையில் தேத்தண்ணியோடு நின்று நான் பார்ப்பேன். கோச் உன்னை இரண்டு தரம் இறக்குவார், மிச்ச நேரம் பெஞ்ச். நீ தலையை நிமிர்த்தாமல் உன் மட்டையில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருப்பாய். மார்ச்சில் "படிக்க நிறைய இருக்கு அப்பா" என்றாய். நாலாம் வகுப்பில் அப்படி என்ன படிப்பு? நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதனால்தான் நேற்று நீ கிராஸ்பி கதையை எடுத்தபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. கிராஸ்பி என்றால் எனக்கும் மரியாதைதான். சின்ன வயதில் கனேடியன்ஸ் ரசிகர், தகப்பனையும் மொன்றியல்தான் டிராஃப்ட் பண்ணியது, எல்லாம் சரி. ஆனால் அவருக்கு 38 வயது. சும்மா தருவார்களா பிட்ஸ்பர்க்? இரண்டாவது வரிசைக்குச் சென்டர் இல்லை என்கிறாய், அதுவும் உண்மைதான். உங்கள் டாக்கின் காயப்பட்ட முழங்காலை நம்பி ஒன்றும் செய்ய ஏலாது. அதற்காக ஒரு பொடியனை விற்று, இன்னொருவனை அவசரமாக ஏற்றி... மைக்கல் ஹேஜ் 2024 இல் எடுத்த சென்டர். எங்கள் மிசிசாகாப் பிள்ளை. மிஷிகன் யூனிவர்சிட்டியில் இரண்டாவது வருஷம் விளையாடுகிறான். விடு அவனை. அங்கேயே நிற்கட்டும்.

பொறுத்திருந்தால் மட்டும் எல்லாம் சரிவரும் என்றும் சொல்லவில்லை. எட்மன்டன் 2010, 2011, 2012 என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதல் தெரிவு எடுத்தது. 2015 இல் மக்டேவிடும் வந்தார். அப்படியிருந்தும் 2006 க்குப் பிறகு 2017 வரை பிளேஓஃப் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் குவித்தார்கள், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கப் பெரியவர் போதாது. உங்களுக்கு டேவிட் சவார்ட் இருந்தார். 2021 இல் டாம்பாவோடு உங்களை வென்று கோப்பை தூக்கியவர், அதே கோடையில் உங்களிடமே வந்தார். கோல் அடிக்கிற ஆள் இல்லை. வருகிற பக்கையெல்லாம் உடம்பால் மறிப்பார். நாலு வருஷம் அந்தப் பொடியன்களோடு நின்றுவிட்டு இந்த வசந்தத்தில் ஓய்வெடுத்தார். என்னைக் கேட்டால், நீங்கள் தேடவேண்டியது இன்னொரு சவார்டை. ஆனால் அப்படிப்பட்டவரின் பெயரை முதுகில் எழுதி ஒருவரும் சட்டை வாங்கமாட்டார்கள், நீயும் வாங்கமாட்டாய்.

இனி உன் மகன், எங்கள் சின்னவனின் விஷயம். நீ போனை வைக்கிற நேரத்தில், "அவனை எட்டு, ஒன்பது வயதுக்காரரோடு விடலாம் என்று இங்கே சொல்கிறார்கள், என்ன அப்பா சொல்றீங்கள்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் லீஃப்ஸ் கதைக்குத் தாவினேன். கேட்டது விளங்காமல் இல்லை. அவர்களாகச் சொன்னார்களா, நீ போய்க் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். அவனுக்கு ஏழு வயது. தன் வகுப்புப் பிள்ளைகளோடு விழுந்து எழும்பட்டும்.

சீசனின் முதல் ஆட்டத்தில் உங்களை அடித்ததைப் பற்றி இதில் நான் ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனி.

அம்மா பருத்தித்துறை வடையும் மிளகாய்த் தூளும் கட்டி வைத்திருக்கிறா. அடுத்த கிழமை அங்கே வருகிற மாமாவிடம் கொடுத்துவிடுகிறோம். மருமகளிடம் சொல்லி, சின்னவனின் காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள். ஸ்கேட் நான் இங்கே புதிதாக வாங்கி அனுப்புகிறேன். இந்த வருஷத்துக்கு உள்ள அளவுதான் வாங்குவேன்.

அன்புடன்,
அப்பா