பிளாட்டர் மை: காலிக் குழிதான் எமன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வரைபடம், சர்வே வரைபடம், கல்லூரி ஷீட் என ஏ1, ஏ0 என்ற பெரிய தாள்களில் அடித்துத் தரும் அச்சு இயந்திரங்களான பிளாட்டர்கள் இப்போது ஜெராக்ஸ் கடைகளிலும் பொறியாளர் அலுவலகங்களிலும் சாதாரணமாகிவிட்டன. மையைத் தாளில் தெளிக்கும் 'ஹெட் போய்விட்டது' என்று பழுதுக்கு வருபவற்றில் பல, மை அடைத்த கார்ட்ரிட்ஜை மாற்றும்போது இழுத்துக்கொண்ட வினைகள்.

மை குறைவு என்று திரையில் வந்ததுமே பழையதை உருவிவிடுகிறார்கள். புதியது வாங்கி வையுங்கள் என்பதற்குத்தான் அந்த எச்சரிக்கை. இருக்கும் மை முழுதும் ஓடட்டும். நீளமான ஏ0 வேலையைத் தொடங்கும் முன் மட்டும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் மை தீர்ந்து நின்றால், நின்ற இடத்தில் தாளின் குறுக்கே கோடு விழக்கூடும். கேனான் டிஎம் வரிசையில் உள்ளே கொஞ்சம் மையைத் தேக்கி வைக்கும் சப் டேங்க் இருப்பதால் அச்சு ஓடும்போதே மாற்றலாம். எச்பி டிசைன்ஜெட் பலவற்றில் அப்படிக் கை வைக்கக்கூடாது.

புதியது கைக்கு வந்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். மாலையில் கழற்றிவிட்டு மறுநாள் கடைக்குப் போனால், இரவெல்லாம் கார்ட்ரிட்ஜ் அமரும் குழி காலியாகக் கிடக்கும். மை வாங்கும் முனையில் காய்ந்து கட்டும், குழாய்க்குள் காற்று புகும். அதன் பிறகு எத்தனை கார்ட்ரிட்ஜ் போட்டாலும் அந்த நிறம் வெட்டி வெட்டித்தான் வரும்.

இரண்டும் கறுப்புதானே என்று மேட் பிளாக்குக்கும் போட்டோ பிளாக்குக்கும் ஒரே மையை ரீஃபில் செய்வது இன்னொரு கொடுமை. டிசைன்ஜெட் டி790, டி1300 போன்றவற்றில் போடும் 72-ஆம் எண் மை ஆறு வகை. மேட் பிளாக் மட்டும் பிக்மென்ட் (நிறமித் துகள் மிதக்கும் மை), மற்ற ஐந்தும் டை (நிறம் கரைந்த மை). டை ஓடவேண்டிய நாசிலில், அதாவது ஹெட்டின் நுண்துளையில், பிக்மென்ட் ஏறினால் அடைத்துக்கொள்ளும். அந்த இயந்திரங்களில் ஹெட் மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம். மேட் பிளாக் கெட்டால், அதே ஹெட்டில் இருக்கும் மஞ்சளுக்கும் செலவு. 711-ஆம் எண் மை போடும் டி520-இல் நான்கு நிறத்துக்கும் ஒரே ஹெட், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

கேனானின் பிக்மென்ட் மை டேங்கை, உறையைப் பிரிக்கும் முன் ஏழெட்டு முறை மெதுவாகக் குலுக்குங்கள். அடியில் படிந்த நிறமி கலந்தால்தான் கறுப்பு கறுப்பாக விழும். சிப்பின் செம்புப் புள்ளிகளில் விரல் படக்கூடாது. குழியில் ஏறாவிட்டால் அழுத்தித் திணிக்காமல், நிறக் குறியை மறுபடி பாருங்கள்.

போட்டதும், துளை அடைப்பைக் காட்டும் சோதனை அச்சான நாசில் செக் ஒன்று அடியுங்கள். கோடு விட்டிருந்தால் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை கிளீனிங். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் புது மைதான் வீணாகும். கேனானிலும் எப்சனிலும் அந்த மையெல்லாம் கழிவுத் தொட்டிக்குப் போய், அது நிரம்பியதும் இயந்திரம் நின்றுவிடும்.

சுவர் ஸ்விட்சை அணைத்துக் கடையைப் பூட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். இயந்திரத்தின் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடியில் போய் அமரும். மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் தேவை என்பதும் இதனால்தான்.

விற்பனை முகவர்கள் இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கார்ட்ரிட்ஜ் மூடியின் மேலேயே ஒட்டித் தரலாம். எந்தக் குழியில் எந்தக் கறுப்பு என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிளாட்டர் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்,
கோயம்புத்தூர்.