ஐஸ் போட்ட கிளாஸ்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே டச்பே மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. கோட்டைக்குள் மான்கள் நிழல் கண்ட இடத்தில் படுத்துக் கிடக்கின்றன. வீட்டில் எல்லாரும் சுகம்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். ஜேர்மனியின் கொலோன் நகரில் வேலை கிடைத்த உன் மகன் முதல் சம்பளத்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கோல்ஷ் பியர் வாங்கித் தந்திருக்கிறான். நீ ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது பியரா, சோடாவா" என்று கேட்டிருக்கிறாய். அவன் ஒன்றும் பேசாமல், கிளாஸுக்குக் கீழே வைக்கும் அட்டையை எடுத்துத் தன் கிளாஸை மூடினானாம். நீ பகிடியாகத்தான் எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையால் மூடினால் இனி ஊற்றவேண்டாம் என்று அர்த்தம், மூடும்வரைக்கும் பரிசாரகர் புதுக் கிளாஸ் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பார் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதானே. உன்னோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க நினைத்துத்தானே உன் பிள்ளை உன்னைக் கூப்பிட்டிருப்பான்.

டுசெல்டோர்ப்பில் இத்தனை வருஷம் இருந்த உனக்கு ஆல்ட் பியர்தான் பியர். செம்பு நிறம், மால்ட் என்கிற வறுத்த முளைத்தானியத்தின் வாசம், நாக்கின் பின்பக்கத்தில் நிற்கும் கசப்பு. அதில் பிழை ஒன்றுமில்லை. பக்கத்து ஊரான கொலோனில் குடிப்பதோ வெளிர் மஞ்சள், மெல்லிய ருசி. ஒரு ஊர்க்காரன் மற்ற ஊர்க்காரனின் கிளாஸைப் பார்த்துச் சிரிப்பதை நீயே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறாய். ஆனால் இரண்டும் ஒரே மாதிரித்தான் பிறக்கின்றன, மச்சான். நாம் வழக்கமாகக் குடிக்கும் லாகர் பியரில், புளிக்க வைக்கும் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும். ஆல்ட்டிலும் கோல்ஷிலும் ஈஸ்ட் இளஞ்சூட்டில் மேலே பொங்கும். அதன்பிறகுதான் இரண்டையும் குளிரில் ஆறப் போடுவார்கள். நிறமும் மால்ட்டும்தான் வேறு. கோல்ஷ் என்ற பெயரை யார் வைக்கலாம் என்று கொலோன் பியர் ஆலைக்காரர் 1986 இல் ஒப்பந்தமே எழுதிக்கொண்டார்கள். அந்த 200 மில்லி கிளாஸும் சும்மா வந்ததல்ல, சூடேறுவதற்குள் குடித்து முடிக்கத்தான். அவ்வளவு அக்கறையோடு செய்யும் ஒன்றைச் சோடா என்று சொல்லலாமா?

உன்னை மட்டும் சொல்லி என்ன, நான் செய்ததையும் எழுதுகிறேன்.

தபால் கந்தோரில் வேலை செய்தானே நம்ம ஆள், அவன் கிளாஸில் பாதிக்கு ஐஸ் போட்டுவிட்டுத்தான் பியர் ஊற்றுவான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை கடற்கரையில் இருந்தோம். கணவாய்ப் பொரியல் இருந்தது, நல்ல காற்று. அவன் ஐஸ் போட்டதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் கரைந்தால் தண்ணீர், நாக்கு விறைத்தால் ருசி தெரியாது, நுரையும் நிற்காது என்று தொடங்கினேன். அதோடு விடாமல், நம்ம நாட்டுக் கறுப்புப் பியரான லயன் ஸ்டவுட்டை மைக்கேல் ஜாக்சன் என்ற இங்கிலாந்துப் பியர் எழுத்தாளர் எவ்வளவு மெச்சினார் என்பது வரைக்கும் போய், "உனக்கெல்லாம் எதற்குப் பியர்" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் கிளாஸை மணலில் ஊன்றி வைத்தான். வெளிப்பக்கம் வியர்த்து நீர் வழிந்து, அடியில் மணல் வட்டமாக நனைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், பிறகு எழும்பிப் போய்விட்டான். மூன்று சனிக்கிழமை வரவில்லை.

நாலாவது கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கவே கையைக் காட்டி மறித்துவிட்டுச் சொன்னான்: "எனக்குப் பியர் பிடிக்காது மச்சான். கசப்பு ஒத்துவராது. உங்களோட இருக்கத்தான் விருப்பம். ஐஸ் போட்டால் ஒரு கிளாஸை இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கலாம், ஒருவரும் ஊத்து ஊத்து என்று கரைச்சல் தர மாட்டீர்கள்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது வருஷச் சிநேகிதம். அந்த ஐஸுக்குள் அவன் எதை மறைத்து வைத்திருந்தான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

கசப்பை அறிய நம் நாக்கில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ஆக, எனக்கு இதமாக இருக்கும் கசப்பு அவனுக்கு வேப்பங்கொழுந்தாக இருக்கலாம். தாங்கும் அளவும் அப்படித்தான். நான் குடிக்கும் ஸ்டவுட்டில் அல்கஹோல் 8.8 வீதம், சாதாரண லாகரில் 4.8 வீதம். 330 மில்லி ஸ்டவுட் ஒன்று ஏறத்தாழ 600 மில்லி லாகருக்குச் சமம். நான் ஒன்றுக்கு ஒன்று குடி என்று எத்தனை பேரை வற்புறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கவலையாக இருக்கிறது. கள்ளுக் குடித்த நம் அப்பாமார் இந்த விஷயத்தில் நம்மைவிட நல்லவர்கள். ஒருவருக்கு இனிப்பான உடன்கள்ளு, இன்னொருவருக்குப் புளித்தது. பனையோலைப் பிளாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார்கள், யாரும் யாரையும் திருத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நம்ம ஆள் இப்போது திரும்ப வருகிறான். கிளாஸில் ஜிஞ்சர் பியர், வெறும் இஞ்சிச் சோடாதான், அதிலும் ஐஸ். நான் ஸ்டவுட்டை மெதுவாகக் குடிக்கிறேன். அவன்தான் ஆகக் கூடுதலாகக் கதைக்கிறான். மதுக்கடை பூட்டும் முழுநிலாப் போயா நாளுக்கு முதல்நாள் போத்தல் வாங்கி வைக்க மறந்தால், எல்லாருக்கும் ஜிஞ்சர் பியர்தான்.

மகனுக்கு இன்றைக்கே கோல் எடு. அடுத்த கிழமை கொலோனுக்கு வருகிறேன் என்று சொல். அவன் வாங்கித் தருவதைக் குடி, அட்டையை நீ எடுக்காதே. ஆவணியில் இரண்டு பேரும் சேர்ந்து வருவீர்கள் என்றால் நிலாவெளியில் அறை பார்த்து வைக்கிறேன். வரும்போது அந்த மெல்லிய கிளாஸ் நாலு கொண்டு வா. ஐஸ் பெட்டியை நம்ம ஆள் கொண்டு வருவான்.

அன்புடன்,
உன் மச்சான்