கீறுவது மண் ஏறிய துணிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்கினாலே கார் கழுவும் சாமான்களுக்குக் கிராக்கி வந்துவிடும். முதல் கார் வாங்கியவர்கள் பத்து பாட்டில் அடங்கிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் பாலிஷ் இருக்கும், டயருக்குப் பூசுவது இருக்கும், டேஷ்போர்டு ஸ்பிரே இருக்கும். உருப்படியான துணி மட்டும் இருக்காது. காசைத் துணிக்கும் பக்கெட்டுக்கும் முதலில் போடுங்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சின் கனம் பெரும்பாலான கார்களில் சுமார் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் ஒரே பக்கெட், ஒரே பனியன் துணியில் ஐந்து கார் துடைக்கிறார்கள். முதல் கார் சக்கரத்து மண் ஐந்தாவது காரின் பானெட்டில் போய்த் தேய்கிறது. கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி, சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள்; சிலந்தி வலை போல் கீறல்கள் தெரியும். துடைப்பவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது பக்கெட்டை யார் அவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள்?

ஆரம்பத்துக்கு 20 லிட்டர் பக்கெட் இரண்டு, ஒரு மக், கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் (மிக நுண்ணிய செயற்கை இழை) மிட் ஒன்று, கார் ஷாம்பு, துவட்ட 500 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறையாத பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, கண்ணாடிக்கும் உள்பக்கத்துக்கும் 300 ஜிஎஸ்எம் துணி நான்கு, சக்கரத்துக்கென்று தனியாக ஒரு பிரஷ், இவ்வளவு போதும். ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். மண் அடியில் தங்குவதற்காகப் பக்கெட்டுக்குள் போடும் ஓட்டைத் தட்டு தனியாகக் கிடைக்கிறது. சிறிய பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாலும் அதே வேலைதான்.

ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு பாட்டிலில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. பலவற்றில் 10 லிட்டருக்கு 20, 30 மில்லி. கூட ஊற்றினால் நுரை கூடுமே தவிர அழுக்கு கூடுதலாகப் போகாது, அலசத்தான் தண்ணீர் செலவாகும். பாத்திரம் தேய்க்கும் திரவம், பெயின்ட்டின் மேல் பூசிய வேக்ஸை (மெழுகுப் பூச்சை) உரித்துவிடும். துணிக்குப் போடும் சோப்புத் தூள் காரம், அது வேண்டவே வேண்டாம்.

முதலில் சக்கரங்களை முடித்துவிடுங்கள். பிறகு கையே படாமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மணலை இறக்க வேண்டும். இதை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் மிட்டை ஷாம்பில் நனைத்துக் கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். கதவின் அடிப்பகுதி கடைசியில்தான். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்புப் பக்கெட்டுக்குள் விட வேண்டும். மிட் தரையில் விழுந்துவிட்டால் நன்றாக அலசாமல் காரில் வைக்காதீர்கள்.

சென்னையில் பாதித் தொல்லை போர் தண்ணீரால் வருவது. வெயிலில் கழுவினால் துவட்டுவதற்குள் காய்ந்து, சுண்ணாம்புப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். நிழலில், பானெட் தொட்டால் சுடாத நேரத்தில் கழுவுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைக் காருக்குச் சேமிக்கிறவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குழாய்த் தண்ணீரைவிடக் கூடுதல். சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாகக் கிடையாது. அதைப் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது. இழை வழுவழுத்துத் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். டயர் பளபளப்பு பூசியே ஆக வேண்டும் என்றால் பக்கச்சுவரோடு நிறுத்துங்கள். தரையில் படும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

பூஜைக்குப் பானெட்டில் பட்டை போடுகிறோம். விபூதி என்பது சாம்பல், அந்தக் காலத்தில் பாத்திரம் விளக்கிய பொருள். காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் வறண்ட துணியால் துடைத்தால் பானெட்டையும் விளக்கியதாகிவிடும். அன்று மாலையே ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை