பச்சை ஒயரை வெட்டாதே

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதில் பெரிய நிம்மதி. நீ டொராண்டோவில் படகு வாங்கியதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. சரி, கிண்டலை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சீசனில் அனோடு (படகின் மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரையும் உலோகத் துண்டு) கரைந்துவிட்டது, கரையிலிருந்து படகுக்குக் கரண்ட் தரும் கேபிளின் பச்சை ஒயரை, அதாவது எர்த் ஒயரை, வெட்டிவிடச் சொல்கிறார் பக்கத்துப் படகுக்காரர் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. அவர் சொல்லும் காரணம் பொய்யில்லை. கரையில் பிளக்கைச் செருகியதும் அந்த எர்த் ஒயர் வழியாக மரினாவில் (படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில்) இருக்கும் படகுகளின் அடி உலோகமெல்லாம் ஒன்றாகிவிடும். ஒன்டாரியோ ஏரி நன்னீர், நீ மக்னீசிய அனோடு போட்டிருப்பாய். பக்கத்துப் படகில் ஜிங்க் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ, உன் அனோடு அதற்கும் சேர்த்துக் கரையும். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் நீ ஒருவனே மொய் எழுதுகிற கதைதான்.

ஆனால் வாட்டர் ஹீட்டரில் காயில் பழுதாகி உலோகத்தில் கரண்ட் ஏறினால்? எர்த் இருந்தால் அது வழியே திரும்பிப் போய் பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் எஞ்சின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் என்று இறங்கித் தண்ணீரில் வழி தேடும். கடல்நீர் நம் உடலைவிட நன்றாகக் கடத்துவதால் பெரும்பகுதி ஆளைச் சுற்றிப் போய்விடும். ஏரியில் நம் உடல்தான் நல்ல கடத்தி. சில பத்து மில்லிஆம்பியரிலேயே தசை இறுகி, நன்றாக நீந்தத் தெரிந்தவனும் மூழ்கிவிடுவான். உடலில் பெரும்பாலும் தடயம்கூட இருக்காது.

உனக்கு வேண்டியது கால்வானிக் ஐசோலேட்டர். பச்சை ஒயரிலேயே தொடராக மாட்டுவார்கள். உள்ளே இருக்கும் டையோடுகள் அனோடைக் கரைக்கும் டிசியை (ஒரே திசையில் ஓடும் கரண்டை) சுமார் 1.2 வோல்ட் வரை தடுக்கும், பழுதில் வரும் பெரிய கரண்டை விட்டுவிடும். தானே கெட்டுப்போனாலும் எர்த் அறுந்துபோகாத 'ஃபெயில்-சேஃப்' வகையாகப் பார்த்து வாங்கு. கரையோடு ஒயர் தொடர்பே இல்லாமல் கரண்டைக் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் நல்லது, ஆனால் கனமும் விலையும் அதிகம்.

அப்புறம், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் இஎல்சிஐ பிரேக்கர் இருக்கிறதா என்று பார். கரை மின்சாரத்தில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் படகுக்குள் சேரவே கூடாது. பழைய படகுகளில் வீட்டு வயரிங் பழக்கத்தில் யாராவது சேர்த்து வைத்திருப்பார்கள். படகு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டு. இத்தனையும் செய்தாலும் மரினாவுக்குள் பையனை நீந்த விடாதே, மற்ற படகுகளின் வயரிங் உன் கையில் இல்லை.

எந்த ஐசோலேட்டர் என்று முடிவு செய்ததும் படம் அனுப்பு. ஜூலையில் அங்கே வரும்போது மல்டிமீட்டர் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
சேகர்