அட்டையில் இருப்பது ஆளின் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைப் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தோம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததும், வியாபாரிகள் அல்லிக்குளம் பக்கம் போனதும் சரியாகவே வந்திருக்கிறது. ஒரு தகவல்தான் இடிக்கிறது. டேபர் எவன்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தனி ஆளாக நானூறுக்கும் மேற்பட்ட கௌபாய் நாவல்கள் எழுதியதாகக் கட்டுரையாளர் சொல்கிறார். அப்படி ஓர் ஆளே கிடையாது.

கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் எழுதியதைப் பார்த்த நமக்கு நானூறு பெரிய கணக்கா? நம் ஊரில் புனைபெயர் வைத்தாலும் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆள். பக்திக்கும் சரித்திரத்துக்கும் ஸ்ரீ வேணுகோபாலன், கிளுகிளுப்புக்குப் புஷ்பா தங்கதுரை என்று ஒரே மனிதர் இரண்டு பெயரில் எழுதினார். அமெரிக்காவின் 'அடல்ட் வெஸ்டர்ன்' (படுக்கையறைக் காட்சிகள் கலந்த கௌபாய் கதை) வரிசைகளில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெயர் பதிப்பகத்தின் சொத்து; எழுதுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார்.

மாதத்துக்கு ஒரு புத்தகம் கடைக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் காரணம். ஒருவர் படுத்துவிட்டாலும் வரிசை நிற்கக் கூடாது. அதனால் கதாநாயகனின் அடையாளங்களை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். யார் எழுதினாலும் அவற்றில் கை வைக்க முடியாது. டேபர் எவன்ஸ் பெயரில் 1978-ல் லூ கேமரன் என்ற எழுத்தாளர் தொடங்கிவைத்த 'லாங்ஆர்ம்' வரிசையின் கதாநாயகன் கஸ்டிஸ் லாங், டென்வரில் இருக்கும் துணை மார்ஷல் (அமெரிக்க அரசின் சட்டக் காவலர்). மேலதிகாரி பில்லி வெய்ல். வாயில் மெல்லிய சுருட்டு, குடிப்பது மேரிலாந்து ரை விஸ்கி. கைக்கடிகாரம் பரவாத காலம். சட்டைப்பை கடிகாரச் சங்கிலியின் மறுமுனையில் ஒரு குட்டி டெரிஞ்சர் துப்பாக்கி தொங்கும். ஹாரி விட்டிங்டன், ஃபிராங்க் ரோடரஸ், ஜேம்ஸ் ரீஸனர், பீட்டர் பிராண்ட்வோல்ட் என்று எத்தனையோ பேர் டேபர் எவன்ஸ் ஆக எழுதியிருக்கிறார்கள். எல்லோர் கையிலும் அந்தச் சங்கிலி அப்படியே இருக்கும். சரித்திரத் தகவலை அள்ளிக் கொட்டி, கதையை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்லும் புத்தகமாக இருந்தால் அது கேமரன் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அவர் எழுதியவைதான் பிடிக்கும்.

'ஸ்லோகம்' வரிசை இதற்கும் மூத்தது. 1975-ல் பிளேபாய் பிரஸ் ஜேக் லோகன் என்ற பெயரில் தொடங்கியது. 1980-ல் வந்த 'டிரெயில்ஸ்மேன்' வரிசைக்கு ஜான் ஷார்ப் என்று பெயர். ஆரம்பித்தவர் ஜான் மெஸ்மன். மூன்றுமே கடைசியில் பெங்குயின் குழுமத்தின் கைக்குப் போய், 2015 வாக்கில் நிறுத்தப்பட்டன. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1982-ல் தொடங்கிய 'கன்ஸ்மித்' வரிசையின் ஜே.ஆர். ராபர்ட்ஸ் புனைபெயர்தான், ஆனால் அதைப் பெரும்பாலும் எழுதியவர் ராபர்ட் ராண்டிஸி என்ற ஒரே மனிதர்.

நம் கடைகளில் அதிகம் கிடைப்பவை பிரிட்டிஷ் பதிப்புகள். அங்கே கணக்கே வேறு. இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதிய அந்த எழுத்தாளர் குழுவுக்கு, லண்டன் வீதி ஒன்றின் பெயரால் 'பிக்காடிலி கௌபாய்ஸ்' என்றே பட்டப்பெயர். 'எட்ஜ்' வரிசையின் ஜார்ஜ் ஜி. கில்மன் என்பவர் டெர்ரி ஹார்க்னெட் என்ற ஒருவர்தான். 'ஹெர்ன்' வரிசையின் ஜான் ஜே. மெக்லாக்லன் என்பதோ லாரன்ஸ் ஜேம்ஸ், ஜான் ஹார்வி என்ற இருவர். இவற்றில் ரத்தம்தான் தூக்கல். படுக்கையறைக் காட்சிகள் அமெரிக்க வரிசைகளில்தான் அதிகம்.

சரி, கையில் இருக்கும் பிரதியை எப்படி அடையாளம் காண்பது? அட்டையை நம்பாதீர்கள், காப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். உரிமையாளர் இடத்தில் ஆள் பெயருக்குப் பதிலாக ஜோவ் பப்ளிகேஷன்ஸ் மாதிரி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது அநேகமாகப் பதிப்பகத்துக்குச் சொந்தமான பொதுப் பெயர். அதே பக்கத்தில் முதலில் வெளிவந்த மாதமும் வருடமும் இருக்கும். கீழே 10-லிருந்து 1 வரை இறங்கும் எண் வரிசையில் மிகச் சிறிய எண் எதுவோ, அத்தனையாவது அச்சு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் 1978 முதலான பதிவுகளை இணையத்தில் தேடலாம். சில தலைப்புகளுக்கு உண்மைப் பெயர் அங்கே கிடைக்கும். கூலிக்கு எழுதியது என்று பதிப்பகத்தின் பெயரிலேயே பதிவாகியிருந்தால் அந்த வழி அதோடு அடைபட்டுவிடும்.

டிரெயில்ஸ்மேனில் வியாபாரிகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் அடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை முன்னோட்டமாகச் சேர்ப்பார்கள். அதனால் பிற்காலப் பிரதிகளின் காப்புரிமைப் பக்கத்தில், இதன் முதல் அத்தியாயம் வரிசையின் இத்தனையாவது புத்தகத்தில் ஏற்கெனவே வந்தது என்று எண்ணை எழுத்தால் அச்சிட்டிருப்பார்கள். அது முந்தைய புத்தகத்தின் எண். அட்டை கிழிந்த பிரதியில் அதைப் பார்த்துவிட்டு இதுதான் எண் என்று பென்சிலால் எழுதிவிடுகிறார்கள். கட்டு முழுக்க ஒன்று குறைந்துபோகிறது. ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதே போல 'ஜயண்ட்' என்று தடிமனாக வந்த சிறப்புப் பதிப்புகளை மாத வரிசையின் எண்ணோடு கலக்க வேண்டாம். முதுகில் இருக்கும் நீளமான எண் பதிப்பகத்தின் சரக்கு எண். வரிசை எண் அல்ல.

நூலகங்களுக்கு இதைவிட அவசரமான விஷயம் ஒன்று. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வீடு காலி செய்கிறவர்கள் பரணில் இருப்பதை மூட்டையாகக் கட்டிப் படிப்பகங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் குதிரையும் தொப்பியும் இருப்பதால் டெக்ஸ் வில்லர், லக்கி லூக் காமிக்ஸ் பக்கத்திலேயே இவற்றையும் அடுக்கிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை எடுத்துப் பிரித்தால் என்ன ஆகும்? லூயி லாமோர், ஜேன் கிரே, ஆலிவர் ஸ்ட்ரேஞ்சின் 'சடன்' வரிசை ஆகியவற்றை எந்த அலமாரியிலும் வைக்கலாம். லாங்ஆர்ம், ஸ்லோகம், டிரெயில்ஸ்மேன், கன்ஸ்மித், லோன் ஸ்டார் ஆகிய ஐந்தும் பெரியவர்கள் பகுதிக்குப் போக வேண்டும். பெயர் தெரியாத வரிசை என்றால் பின்னட்டையைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலில் ஆசிரியர் பெயரால் பதிந்தால் குழப்பம்தான் மிஞ்சும். வரிசைப் பெயர், எண், வருடம் என்ற மூன்றையும் பதிந்தால் போதும்.

பராமரிப்பைப் பற்றியும் கொஞ்சம். இவை மலிவான மரக்கூழ்க் காகிதம். அமிலத்தால் பழுப்பேறி ஓரம் உதிரும். நம் கடற்காற்றின் ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம். தையல் இல்லாத வெறும் பசை பைண்டிங் என்பதால், இறுகிப்போன பழைய பிரதியை மல்லாக்க விரித்தால் முதுகு நடுவில் பிளக்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கிவிடும். ரப்பர் பேண்டும் வேண்டாம்; வெயில் காலத்தில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிளந்த இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் ஃபெவிகாலைக் கொஞ்சமாகத் தடவி, பசை கசியும் பக்கங்களுக்கு நடுவே பாலிதீன் தாள் செருகி, ஓர் இரவு கனத்தின் அடியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சி தெரிந்தால் புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. உள்குளிர் முழுக்கத் தணியும் முன் பிரித்தால் காகிதத்தில் நீர் கோத்துவிடும்.

டேபர் எவன்ஸ் பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய ஆங்கில நாவல் வாசகர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21