நூறு வரை எழுதுகிற பேத்தியும் ஒரு பட்டன் டப்பாவும்

மழலையர் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். 32 வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது எனக்கு முழுநேர வேலை, நாலரை வயதுப் பேத்திக்கு ஆச்சியாக இருப்பது. அவள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளியைச் சொன்னாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

தினமும் வீட்டுப்பாடம் உண்டு. கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 100 வரை எழுத வேண்டும். எழுதிவிடுகிறாள். சில நாள் 9 மட்டும் திரும்பி நிற்கும். 2018-இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்றது. எல்.கே.ஜி.க்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

போன மாதம் ஒரு சாயங்காலம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வரிசைக்கு ஆறாக, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, கொட்டைகளை இரண்டு வரிசை வைத்தேன். ரெண்டும் சமமா என்றேன். ஆமாம் என்றாள். அவள் கண் முன்னாலேயே கீழ்வரிசையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன். "இப்ப எதுல நிறைய இருக்கு?" யோசிக்கவே இல்லை, நீள வரிசையைக் காட்டினாள். எண்ணச் சொன்னேன். இரண்டிலும் ஆறு என்று சரியாக எண்ணினாள். "அப்ப எதுல நிறைய?" மறுபடியும் அதே நீள வரிசை.

அவள் மேல் தப்பு ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதிய சோதனைதான் இது. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்தது. ஆறு, ஏழு வயது வரைக்கும் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். நீளம் கண்ணில் சட்டென்று படும். எண்ணிக்கை அப்படிப் படாது, அதற்குப் பழக வேண்டும். என் கேள்வி இதுதான்: ஆறும் ஆறும் சமம் என்று இன்னும் பிடிபடாத பிள்ளை 87 என்று எழுதி என்ன ஆகப்போகிறது? விரல் வலிக்கும், அவ்வளவுதான்.

சரி, வேறு என்ன செய்யலாம்? வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய பட்டன் இருக்கிறது. என் மாமியார் காலத்திலிருந்து கிழிந்த சட்டைகளில் அறுத்துப் போட்டுச் சேர்ந்தது. அதைத் தரையில் கொட்டி, "ஒண்ணு போல இருக்கிறதை எல்லாம் சேர்த்து வை" என்றேன். நிறம் பார்த்துப் பிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது ஓட்டையை. இரண்டு ஓட்டை ஒரு பக்கம், நாலு ஓட்டை ஒரு பக்கம். இடையில் கோட்-சூட்டில் தைக்கிற பட்டன் ஒன்று வந்தது. மேலே ஓட்டையே இல்லை. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 32 வருடப் பழக்கம் அப்படி. கடைசியில் திருப்பிப் பார்த்து, "ஓட்டை முதுகுல இருக்கு ஆச்சி" என்றாள். மூன்றாவதாக ஒரு குவியல் ஆரம்பித்தது.

உற்றுப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். எது எதோடு சேரும், எது சேராது, ஏன் சேராது என்பதெல்லாம் கணக்கு. அதில் எண் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அப்புறம் பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வேன். இரண்டு பிச்சி, ஒரு மரிக்கொழுந்து, இரண்டு பிச்சி, ஒரு மரிக்கொழுந்து. நடுவில் வேண்டுமென்றே மூன்று பிச்சி வைத்துக் கட்டினால் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் உள்ளே ஐந்து அறை. ஒரு காயில் ஆறு இருந்துவிட்டது, அன்றைக்குப் பொரியல் அரை மணி நேரம் தாமதம்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தினம் அரை மணி நேரம் நோட்டை மூடி வையுங்கள். பாட்டில் மூடி, சோழி, வேப்பிலை, புங்கங்காய் என்று எது கிடைத்தாலும் போதும். (மூன்று வயதுப் பிள்ளைகள் எதையும் வாயில் போடுவார்கள். அவர்கள் கையில் பட்டனும் கொட்டையும் வேண்டாம், பெரிய மூடிகளாகக் கொடுங்கள்.) பிள்ளை பிரித்து வைத்த பிறகு டீச்சர் சரி, தப்பு சொல்ல வேண்டாம். "இதை ஏன் இங்க வச்ச?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் போதும். இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். பயிற்சி கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாடுகளோடு நடத்துகிறார்கள். காசு வாங்காத பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை பொருளைத் தொட்டுப் பார்த்துப் படிக்கிறது, காசு கட்டிய பள்ளியில் நாலு வயதுப் பிள்ளை நோட்டை நிரப்புகிறது.

உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். பெற்றோர் கேட்கிறார்கள். நோட்டுதான் கட்டிய ஃபீஸுக்கு ரசீது. என் மகனே, "பட்டன் பொறுக்கவா இவ்வளவு பணம் கட்டுறோம்?" என்று கேட்டான். அவனை உட்கார வைத்து அதே டப்பாவைக் கொட்டினேன். பேத்தி அன்றைக்குக் கையால் தடவி, வழவழப்பு, சொரசொரப்பு என்று பிரித்தாள். எப்படிப் பிரிக்கிறாள் என்று கண்டுபிடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பெற்றோர் கூட்டத்தில் நோட்டை நீட்டுவதற்குப் பதில் இதைச் செய்து காட்டுங்கள்.

டப்பா என்னிடம்தான் இருக்கிறது. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன், வெள்ளிக்கிழமை தவிர. அன்றைக்குப் பூக் கட்டுகிற வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. பிள்ளையின் ஆச்சி