கடைசிப் பக்கத்தை முதலில் திறப்பவளுக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் இப்போதெல்லாம் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவதாகவும், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே முதல் அத்தியாயத்துக்கு வருவதாகவும் எழுதியிருந்தாய். அடுத்தடுத்து மூன்று நாவல்களில் ஒருத்தி செத்துப்போனதையோ பைத்தியமானதையோ படித்த களைப்பு அது. நானும் உன் வயதில் அப்படித்தான் இருந்தேன். புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, ‘புள்ளியியல்’ என்று சீட்டு ஒட்டி விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது, தேர்வுக்கு முதல் நாள் அறைத்தோழி வந்து அதை இரவல் கேட்ட கதையை நேரில் சொல்கிறேன். இப்போது கேட்க நினைப்பது ஒன்றுதான்: அந்த முடிவுகளையெல்லாம் உண்மையில் எழுதியது யார்?

1952இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு நாவல்களை எடுத்துக்கொள். மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ மலிவுப் பதிப்பாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. கல்லூரி மாணவிகள் இருவரின் காதல் அதில் வருகிறது. ஆனால் கதை மகிழ்ச்சியாக முடியக்கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே நிபந்தனை போட்டுவிட்டார். அவருடைய கவலை ஒழுக்கத்தைப் பற்றியதல்ல, தபாலைப் பற்றியது. புத்தகக் கட்டுகள் அஞ்சலில் போயாக வேண்டும். இப்படிப்பட்ட உறவை நல்லவிதமாகக் காட்டுகிறது என்று அஞ்சல்துறை கட்டுகளைப் பிடித்து வைத்துவிட்டால் போட்ட பணம் போனதுதான். ஆகவே ஒருத்திக்குப் புத்தி பேதலிக்கிறது. மற்றவளோ தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று திடீரென்று கண்டுகொள்கிறாள். உன் தூக்கத்தைக் கெடுத்த முடிவுகளில் எத்தனை இப்படித் தபால்காரருக்குப் பயந்து எழுதப்பட்டவையோ!

அதே ஆண்டு பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலை வெளியிட்டார். 1948 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருக்கடிக்காக நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் பொம்மை விற்கும் வேலையில் அவர் சேர்ந்திருந்தார். ரோமக் கோட்டு அணிந்த பொன்னிறக் கூந்தல் பெண்ணொருத்தி வந்து பொம்மை ஒன்றை வாங்கி, முகவரி கொடுத்துவிட்டுப் போனாள். தலை கிறுகிறுக்க வீட்டுக்கு வந்த ஹைஸ்மித் அன்றிரவே கதையின் போக்கை எழுதி முடித்தார். மறுநாள் பார்த்தால் அம்மை. காதல் எது, காய்ச்சல் எது என்று பிரிக்க முடியாத அந்த நிலை நாவலின் முதல் பாதி முழுவதும் இருக்கிறது. குற்றக்கதை எழுதும் கை என்பதால், இரு பெண்களும் காரில் ஊர் ஊராகப் போகும்போது பின்னாலேயே ஒரு துப்பறிவாளனையும் அனுப்பிவைக்கிறார். அந்த இருவரில் ஒருத்தியான காரல் தன் மகளை வளர்க்கும் உரிமையை இழக்கிறாள். அந்த இழப்பை நாவல் மறைக்கவில்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் ஒருத்தியை நோக்கி மற்றவள் நடந்து போகிறாள். அந்த முடிவுக்கு நன்றி சொல்லி கிளேர் மார்கனுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. தன் சொந்தப் பெயரை நூலில் போட ஹைஸ்மித்துக்கு 1990 வரை ஆயிற்று. (பிற்பாடு மீக்கரும் ஹைஸ்மித்தும் சில காலம் காதலர்களாக இருந்தார்கள். கதை முடிவுகளைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன சண்டை நடந்ததோ!)

ஒரே வகைமையை மட்டும் படிக்காதே என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் 1928இல் இருக்கிறது. அந்த ஆண்டு ரேட்கிளிஃப் ஹால், எங்களையும் வாழ விடுங்கள் என்று கேட்கும் நேரடியான யதார்த்த நாவலாக ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நூலை எழுதினார். லண்டன் நீதிமன்றம் அதை ஆபாசம் என்று தீர்ப்பளித்துப் பிரதிகளை அழிக்கச் சொன்னது. வர்ஜீனியா உல்ஃப் அவருக்காகச் சாட்சி சொல்லத் தயாராக இருந்தவர். அதே ஆண்டு அதே நகரத்தில் உல்ஃபின் ‘ஒர்லாண்டோ’வும் வெளிவந்தது. அதன் நாயகன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறான், நடுவில் ஒரு நாள் பெண்ணாக விழித்தெழுகிறான். நூல் முழுவதுமே வீட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற பெண்ணுக்கு உல்ஃப் எழுதிய காதல் கடிதம் போன்றது. எந்த நீதிபதியும் அதைத் தொடவில்லை. நீ விரும்பும் கடைசிப் பக்கத்தில் 1928 அக்டோபர் 11 என்று தேதி இருக்கும். நூல் வெளியான நாளும் அதுவே.

நம் பக்கத்திலும் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ கதைக்காக லாகூரில் வழக்கு நடந்தது. கதையைச் சொல்பவள் ஒரு சிறுமி. இரவில் பேகத்தின் ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, அசையும்போது சுவரில் விழும் நிழல் அவளுக்கு யானையாகத் தெரிகிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று அவள் சொல்வதே இல்லை. ஆபாசமான சொல் எது என்று கேட்டபோது எதிர்த்தரப்பால் அப்படி ஒன்றை நிரூபிக்க முடியவில்லை. அகப்பாடல்களின் உள்ளுறையைப் படித்துப் பழகிய உனக்கு அந்த யானையை விளக்க வேண்டியதில்லை.

பேய்க்கதை பிடிக்காது என்றாய். இருந்தாலும் லெஃபானுவின் ‘கார்மிலா’வை மட்டும் படித்துவிடு, ‘டிராகுலா’வுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது, ஒரே இரவில் முடிந்துவிடும். அந்த வகைமையின் சட்டப்படி ரத்தக்காட்டேரியின் நெஞ்சில் ஆப்பு இறங்கியே ஆக வேண்டும், இறங்குகிறது. ஆனால் கதை சொல்லும் லாராவுக்குக் கடைசி வாக்கியத்திலும் வரவேற்பறைக் கதவருகே கார்மிலாவின் காலடி கேட்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சாரா வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’ (2002). விக்டோரியா கால லண்டனில் திருடர்களிடையே வளர்ந்த சூ, ஒரு பணக்காரப் பெண்ணை ஏமாற்றிச் சொத்தைப் பறிக்கும் திட்டத்தோடு அவளிடம் பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். அந்த மாட் என்பவளுக்கு ஒரு பல் கூர்மையாக இருந்து வாயைக் குத்திக்கொண்டே இருக்கும். தைப்பவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி உறையை எடுத்து, அவள் வாய்க்குள் விரலை விட்டு, சூ அந்தப் பல்லைத் தேய்த்து மழுங்கச் செய்கிறாள். ஏமாற்ற வந்தவளின் விரல் ஏமாறப் போகிறவளின் பல்லில். முத்தக் காட்சிகள் பலவற்றில் இல்லாத நெருக்கம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. யாரை நம்புவது என்பது குற்றக்கதைக்கே உரிய கேள்வி. காதலிப்பவர்களுக்கும் அதே கேள்விதான் என்பதால் இரண்டும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. முதல் பாகத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினேன்.

சித்திரக்கதையில் அலிசன் பெக்டலின் ‘ஃபன் ஹோம்’ சோகமானதுதான். தான் யார் என்பதை நூலகப் புத்தகங்களைப் படித்தே ஒரு பெண் கண்டுகொள்ளும் பக்கங்களுக்காக அதைச் சேர்த்திருக்கிறேன். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ பையனின் கதை என்று ஒதுக்கிவிடாதே. மணப்பெண் விளையாட்டில் சேலை கட்டிக்கொள்ளும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜி, கடைசியில் அழுகிறான். அது அவன் காதலித்ததற்குக் கிடைத்த தண்டனை அன்று, 1983 ஜூலையில் எரிந்துபோன வீட்டுக்காக.

புத்தகங்களை ஒரே கட்டாக நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். ‘லிஹாஃப்’ கதையை மட்டும் நகலெடுத்து உள்ளே செருகியிருக்கிறேன். மற்றவற்றின் கடைசிப் பக்கத்தை உன் விருப்பம்போல் முதலில் பார்த்துக்கொள். ‘ஃபிங்கர்ஸ்மித்’தின் கடைசி இருபது பக்கங்களுக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன், முறைப்படி அங்கே வந்து சேரும்வரை அதைக் கழற்றாதே.

அன்புடன்,
அக்கா